தூக்கிப் போடச் சொன்ன லேப்டாப்

தீபாவளிக்கு மச்சினன் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் என் மேசை மேல் இருந்த லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, இது பத்து வருசத்துப் பெட்டி. தூக்கிப் போட்டுட்டு விண்டோஸ் லெவன் ஓடுற மாதிரி ஒண்ணு வாங்கிக்குங்க. போன வாரத்தோட விண்டோஸ் டென்னுக்கு சப்போர்ட் முடிஞ்சுது.”

“இதுல விண்டோஸே இல்லியே மாப்ளே.”

“அப்புறம்?”

“டெபியன்.”

சிரித்துவிட்டான். “அது சர்வர்ல போடறது மாமா. எல்லாமே ரெண்டு வருசம் பழசா இருக்கும். புதுசா எதுவும் வராது.”

பையன் கெட்டிக்காரன், பெரிய கம்பெனியில் வேலை. அவன் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. டெபியனில் எல்லாம் ரெண்டு வருசம் பழசுதான். ஆனால் அதை ஒரு குறை மாதிரி சொன்னான் பாருங்க, அங்கேதான் எனக்கும் அவனுக்கும் வழக்கு. நகரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கும் அதே எண்ணம்தான் இருக்கும். அதனால் இந்த வாரம் மாட்டுக்கொட்டாய் கதையை நிறுத்தி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். விவசாயிக்கு எதற்குக் கம்ப்யூட்டர், போன் போதாதா என்று கேட்பவர்களுக்காக. ராசிபுரத்துக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவில் எனக்கு 3 ஏக்கர் 20 சென்ட். குச்சிக்கிழங்கு, சோளம், கொஞ்சம் நிலக்கடலை, ரெண்டு மாடு. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. 2008-லிருந்து தினமும் காலையில் மழை அளவு குறிக்கிறேன். வாரம் ஒருமுறை கயிறு விட்டுக் கிணற்று மட்டம் எடுக்கிறேன். முதலில் நோட்டு, 2014-க்கு அப்புறம் கம்ப்யூட்டர். எங்கள் கிணறு மட்டுமில்லை, சுற்றி இருக்கிற 41 கிணறும் போரும் என்னிடம் வரைபடமாக இருக்கின்றன. அரசாங்க வலைத்தளத்திலிருந்து புலப்படத்தை இறக்கி, சாட்டிலைட் படத்தின் மேல் வைத்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் வரைந்தது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருசம் ஆனது. தாத்தா காலத்துப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். இந்தப் பதிவுகளோடு வரும் வீடியோக்களை நானே வெட்டி ஒட்டுகிறேன். ஒரு வீடியோவை முடிவாக ஒரே கோப்பாக ஆக்க, ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் விடியற்காலை ஐந்து மணி ஆகும். மின்விசிறி மாவு மில் மாதிரி கத்தும். நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தால் அன்றைய ராத்திரி போச்சு.

இது எனக்குச் சம்பளம் தருகிற வேலை இல்லை. ஆனால் சம்பளம் வராத வேலை என்பதால் லேசான வேலை என்று நினைக்காதீர்கள்.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது கூட்டுக் கிணறு. நாலு பங்கு, முறை வைத்துத் தண்ணீர் இறைக்கிறோம். 2024 கோடையில் மட்டம் கீழே கீழே போனபோது, பங்காளி ஒருவர் தன் காட்டில், கிணற்றுக்கு நூறடி தள்ளி, போர் போடப் போவதாகச் சொன்னார். அவர் காடு, அவர் பணம். ஆனால் 2016-ல் மேற்கே ஒரு போர் விழுந்தபோது எங்கள் கிணற்றில் சைடு போர் ஊற்று எத்தனை நாளில் எத்தனை அடி குறைந்தது என்று என்னிடம் வாராவாரம் கணக்கு இருந்தது. கோயிலில் உட்கார்ந்து பேசலாம் என்று ஊர்ப் பெரியவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எட்டு வருசக் கணக்கை ஒரே கோடாக வரைந்து, பக்கத்தில் வரைபடம் வைத்துத் தயாராக இருந்தேன்.

அப்போது என் லேப்டாப்பில் இருந்தது ஒரு லினக்ஸ்தான். ஆனால் டெபியன் இல்லை. சேலத்தில் ஒரு தம்பி போட்டுக் கொடுத்தது. தினமும் புதுசு வரும் ரகம், ரோலிங் என்று சொல்வார்கள். பேர் வேண்டாம், நல்ல சிஸ்டம்தான், எனக்குப் பொருந்தாததைப் போட்டுக்கொண்டது என் தப்பு. சனிக்கிழமை ராத்திரி, அடுத்த நாள் வேலைக்கு எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று அப்டேட் கொடுத்தேன். முந்நூறு சொச்சம் பொட்டலம் இறங்கியது. காலையில் திறந்தால் கறுப்புத் திரை. ஓர் ஓரத்தில் வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டு இருந்தது, அவ்வளவுதான்.

பேக்கப் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தேன், வெளி ஹார்ட்டிஸ்கில். அது லினக்ஸ் ஃபார்மேட். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லேப்டாப்பில் செருகினால், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது. பயந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டேன். கோயிலுக்கு வெறும் கையோடு, அந்த வருசத்து நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். “பழைய கணக்கைக் காட்டுங்க”ன்னு கேட்டார்கள். இல்லை. “சரி, பதினஞ்சு நாள் கழிச்சுப் பேசலாம்”ன்னு எழுந்துவிட்டார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்பதாம் நாளே வந்துவிட்டது. 920 அடி.

என் கோட்டைக் காட்டியிருந்தால் போர் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். நிற்காமலும் போயிருக்கலாம். தள்ளிப் போடுங்க, இடம் மாத்துங்க என்று ஒரு பேச்சாவது நடந்திருக்கும். அது நடக்கவில்லை. இந்தப் புரட்டாசியில் கிணற்றில் சேறு எடுக்க ஆள் இறக்கினோம், 2008-லிருந்து அந்த மாசத்தில் சேறு எடுத்ததே கிடையாது.

அதற்கப்புறம்தான், கம்ப்யூட்டரில் எதை வைத்துக்கொள்வது என்பது ருசியைப் பொறுத்த விஷயம் இல்லை என்று புரிந்தது. விதை வாங்குகிற மாதிரி யோசித்தேன்.

‘ஸ்டேபிள்’ என்று எல்லோரும் சொல்கிறோம். விழாமல் ஓடினால் ஸ்டேபிள் என்று நினைத்துக்கொள்கிறோம். டெபியன்காரர்கள் அந்த வார்த்தையை வேறு அர்த்தத்தில் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஸ்டேபிள் என்றால் மாறாதது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் என்ன பதிப்பு கியூஜிஐஎஸ் இருந்ததோ, அதேதான் இன்றைக்கும் இருக்கிறது. பட்டன் இடம் மாறவில்லை. பழைய கோப்பு திறக்காமல் போகவில்லை. பாதுகாப்பில் ஓட்டை கண்டுபிடித்தால் அந்த ஓட்டையை மட்டும் அதே பழைய பதிப்பில் அடைத்து அனுப்புகிறார்கள். ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுகிற மாதிரி, வீட்டையே இடித்துக் கட்டுவதில்லை. எனக்கு ஒரு நாளைக்குப் போனில் கிடைப்பது ஒன்றரை ஜிபி நெட். அதில் இந்த ஓடு மாற்றும் வேலை காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

மாப்ளே சொன்ன அந்த ரெண்டு வருசம் எங்கே போகிறது தெரியுமா? எங்கள் பக்கத்தில் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தினுடையது. ஒரு புது ரகம் அங்கே நன்றாக வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே நமக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் நிலையத்து வயலில் பார்ப்பார்கள், அப்புறம் பல ஊர் நிலையங்களில், அப்புறம் விவசாயிகள் காட்டிலேயே போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பின்னால்தான் வெளியீடு. டெபியனிலும் அப்படியே மூன்று காடு. புதுசு எல்லாம் முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற காட்டில் விழும். அங்கே சில நாள் பெரிய குறை இல்லாமல் தாங்கினால் ‘டெஸ்டிங்’ காட்டுக்கு வரும். வெளியீடு நெருங்கும்போது அந்தக் காட்டுக்கு வேலி போட்டு, இனிப் புதுசு வேண்டாம், இருக்கிற குறையைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். டெபியன் 13-க்கு 2025 மார்ச்சில் வேலி போட ஆரம்பித்தார்கள், ஆகஸ்ட் 9-ல்தான் வெளியே விட்டார்கள். முன்கூட்டியே தேதி சொல்லி, அந்தத் தேதிக்காகப் பாதி வெந்ததை இறக்குகிற பழக்கம் அங்கே கிடையாது. 1993-ல் இயன் முர்டாக் என்ற அமெரிக்க மாணவர் ஆரம்பித்தது இது. இன்று வரைக்கும் இதற்கு முதலாளி இல்லை, உலகம் பூராவும் தன்னார்வத்தில் செய்கிறவர்கள்தான்.

புதுசைத் தினமும் வாங்குவதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் 2024 மார்ச் 29-ஐ நினைத்துப் பாருங்கள். எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன மென்பொருள், கோப்புகளைச் சுருக்குவதற்கு. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ரெண்டு வருசத்துக்கு மேல் அதற்கு நல்லபிள்ளை மாதிரி உதவி செய்து, பொறுப்பைக் கையில் வாங்கி, கடைசியில் உள்ளே ஒரு திருட்டு வாசல் வைத்துவிட்டார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். எப்படிக் கண்டுபிடித்தார்? வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை நொடி அதிகம் ஆனது. எங்கள் ஊரில் மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிற ஆட்கள் உண்டு. அந்த மாதிரி ஆள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது டெபியனின் அன்ஸ்டேபிள் காட்டில். டெஸ்டிங் காட்டிலும் பூச்சி இருந்தது. தினமும் புதுசு வாங்குகிற வேறு பல லினக்ஸிலும் போயிருந்தது. ஸ்டேபிளுக்கு வரவில்லை. ரெண்டு வருசம் பழசாக இருந்தது அன்றைக்குக் காப்பாற்றியது. இதில் ஒரு வேடிக்கை, அந்த ஆண்ட்ரெஸ் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில். நல்லவன் எந்தக் கம்பெனியிலும் இருப்பான், அதை மறைக்க வேண்டியதில்லை.

குச்சிக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. 2020-ல் புதுவகை மாவுப்பூச்சி கேரளாவில் தெரிந்து, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் காடுகளில் நுனி எல்லாம் சுருண்டு நின்றது. வெளியிலிருந்து நட வாங்கின குச்சியோடே பூச்சியும் ஏறி வந்துவிடும். கடைசியில் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவியைக் கொண்டு வந்து, சோதித்து, 2022-ல் ஏத்தாப்பூரில் விட்டார்கள். பக்கத்துக் காட்டில் நல்லா இருக்கே என்று அவசரப்பட்டுக் குச்சி வாங்கினவன் முதலில் மாட்டினான். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தவன் பின்னால் மாட்டினான், அதற்குள் மருந்து என்ன என்று தெரிந்திருந்தது.

இப்போது விண்டோஸ் பக்கம் வருகிறேன். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு நின்றது. பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருசம் கொடுப்பார்கள், அதோடு சரி. பதினொன்றுக்குப் போகலாமே என்றால், டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. 2021-ல் 14,500 ரூபாய்க்கு வாங்கின செகண்ட் ஹாண்ட். ராம் 16 ஜிபி ஆக்கினேன், எஸ்.எஸ்.டி. போட்டேன். ராத்திரி பூரா வீடியோ வேலை பார்க்கிறது, 41 கிணற்றையும் தூக்கி நிறுத்துகிறது. இதற்கு என்ன கேடு? உழைக்க முடிகிற மாட்டைக் காது குத்தும் அடையாளம் புது மாதிரியில் இல்லை என்பதற்காக அடிமாட்டுக்கு விற்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. 2015-ல் பத்து வந்தபோது, இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவரே மேடையில் சொன்னார். ஆறே வருசத்தில் பதினொன்று வந்தது. இந்த மாற்றத்தால் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குச் சொன்னது.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பின ஒரே ஒரு கோப்பில் தப்பு. 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதை விண்டோஸின் குற்றம் என்று சொல்வது நியாயமில்லை, கோப்பு இன்னொரு கம்பெனியுடையது. நான் கேட்பது வேறு. அந்தக் கோப்பை அந்த நேரத்தில் ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அந்த 85 லட்சத்தில் எத்தனை பேரைக் கேட்டார்கள்?

நகரத்து நண்பர்களே, கோவித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லேப்டாப்பைக் கம்பெனி வாங்கித் தருகிறது. படுத்துவிட்டால் தூக்கிக்கொண்டு போக ஐடி டிபார்ட்மென்ட் இருக்கிறது, சரிசெய்யும் வரைக்கும் இன்னொன்று தருவார்கள். நெட் நூறு எம்பி வேகம். இத்தனையையும் பின்னால் வைத்துக்கொண்டு, “அப்டேட் பண்ணுங்க, புதுசு வாங்குங்க, லேட்டஸ்டா இருங்க”ன்னு எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்கள். அந்த ஐடி டிபார்ட்மென்டைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறீர்கள். எங்கள் ஊரில் ஐடி டிபார்ட்மென்ட் நான்தான். கிழங்கு வெட்டுகிற நாளில் அந்த டிபார்ட்மென்ட் லீவு.

நாமக்கல்லில் லாரி வாங்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள். வேகம் எவ்வளவு என்று முதலில் கேட்க மாட்டார். நாக்பூருக்கு அந்தப் பக்கம் ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றுவிட்டால், ரோட்டோர மெக்கானிக்குக்கு இந்த இன்ஜின் தெரியுமா, ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்பார். டெபியனும் உபுண்டுவும் அந்த மாதிரி. என்ன பிழைச் செய்தி வந்தாலும் அதை உலகத்தில் எவனோ ஒருவன் முன்னமே பார்த்து, விடை எழுதி வைத்திருக்கிறான்.

லினக்ஸ் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மாசத்துக்கு ஒரு லினக்ஸ் மாற்றி, திரையின் நிறத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் கிராமத்து ஆட்களுக்குப் போட்டுக் கொடுக்கும்போது தங்களுக்குப் பிடித்ததைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். சேலத்துத் தம்பி அன்பாகத்தான் செய்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். அடுத்தவருக்குப் போட்டுக் கொடுப்பதானால், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அஞ்சு வருசம் ஓடுவதைப் போடுங்கள். டெபியன் 12-க்கு மூன்று வருசம் முழுக் கவனிப்பு, அதற்கு மேல் ரெண்டு வருச நீட்டிப்பு, 2028 ஜூன் வரைக்கும் பயமில்லை. புதிதாக வருகிறவருக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு எல்.டி.எஸ். எளிது, அவையும் டெபியன் வேரில் கிளைத்தவைதான்.

எனக்கு இதில் ஒரு பழைய வருத்தமும் உண்டு. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அம்மையார் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. வருசங்கள் ஓடி 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 2013-ல் என் மகளுக்கும் ஒன்று வந்தது, பிளஸ் டூ. அதைத் திறந்தால் ரெண்டு வாசல் காட்டும், ஒன்று விண்டோஸ் 7, இன்னொன்று பாஸ் லினக்ஸ். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் இந்திய மொழிகளுக்காகச் செய்தது பாஸ். ரெண்டாவது வாசல் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. சினிமா பாட்டு ஏற்ற ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர், “இது இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்குதுங்க, எடுத்துடட்டுங்களா?” என்றார். சரி என்றேன். பத்து வருசம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது என்று. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்ததை ஐம்பது ரூபாய் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, சுற்றி வளைத்து ஒரு கிணற்றை விட்ட பிறகு அதையே தேடிப் போயிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு ஆளே இல்லாமல் போய்விடவில்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டில் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006-07 வாக்கில், அந்த நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. அப்புறம் வேகம் போய்விட்டது. பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். பள்ளிக்கூடங்களில் பிடித்த பிடியை விடவில்லை. 2019-ல் உபுண்டுவை வைத்துத் தாங்களே ஒரு பதிப்புச் செய்து 2 லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போட்டார்கள், இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அவர்கள் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அங்கே வாத்தியாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், வாத்தியார் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். நாம் பெட்டியைக் கொடுத்தோம். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் 20 லட்சம் பேருக்கு என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். இந்தத் தடவையாவது யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள் சாமி.

எல்லோரும் மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் மகள் இப்போது ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறாள், அவளுக்கு டேலி வேண்டும், அது விண்டோஸில்தான் ஓடும். அவளை மாற்றினால் வேலை போய்விடும். ஃபோட்டோஷாப்பில் சோறு சாப்பிடுகிற ஸ்டுடியோக்காரரும் அப்படியே. என் பிரிண்டர் டெபியனோடு பேசுவதற்கு ஒரு வாரம் ஆனது, அந்த ஒரு வாரத்தில் நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. டெபியனும் ஒன்றும் தர்மச் சத்திரம் இல்லை. 13-லிருந்து பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கு நேரடியாக நிறுவ வழி கிடையாது. எங்கள் ஊராட்சி நூலகத்தில் ஒன்று அப்படி நிற்கிறது.

தமிழ் எழுத முடியுமா என்று முன்பு ஒருவர் போனில் கேட்டார். தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, நான் இதை அதில்தான் தட்டுகிறேன். சிக்கல் இருந்தது வேறு இடத்தில். அப்பா சொல்லச் சொல்ல 2005-ல் ஒரு டிடிபி கடையில் அடித்து வாங்கின 30 பக்கம், பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு பக்கமும் தமிழாகத் தெரியாது. அப்பா இப்போது இல்லை. நாலு ராத்திரி உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்தேன். சிஸ்டம் எதுவாக இருந்தாலும், எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள், கணக்கைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாகவும் ஒரு படி வையுங்கள். வெளி ஹார்ட்டிஸ்கை எந்த லேப்டாப்பிலும் திறக்கிற எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் வைத்திருக்கிறேன் இப்போது. கிணற்றுக் கோட்டை மட்டும் மூன்று மாசத்துக்கு ஒருமுறை ராசிபுரம் போய்ப் பிரிண்ட் எடுத்துப் பீரோவில் பத்திரத்தோடு வைத்துவிடுகிறேன்.

கிளம்பும்போது மாப்ளே மறுபடியும் கேட்டான். “சரி மாமா, டெபியன்லயே புதுசு 13 வந்து ரெண்டு மாசம் ஆச்சே. அதையாவது போட்டுத் தரட்டுமா? அரை மணி நேரம்தான்.”

“இருக்கட்டும் மாப்ளே. மழை சீசன் போயிட்டிருக்கு, தினம் கணக்கு எழுதணும். மாசியில கிழங்கு வெட்டி முடிச்சு நான் சும்மா இருக்கிறப்போ பார்த்துக்கலாம்.”

“அதுக்குள்ள அது பழசாயிடும்.”

“அப்பத்தான் போடணும்.”

அவன் அத்தை முறுக்குச் சட்டியைக் கொண்டுவந்து காரில் வைத்தாள். பையன் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தபோது, தன் பழைய லேப்டாப் ஒன்று பெங்களூரில் சும்மா கிடக்கிறது, பதினொன்று ஏறாது, வேண்டுமா என்று கேட்டான். ஏழாம் தலைமுறை. அனுப்பி வை என்று சொல்லியிருக்கிறேன். 64 பிட்தானா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், நூலகத்துக்கு ஆகும்.